நெட்வொர்க் டிரைவரைக் கழற்றினால் தொங்குகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பிங் போகிறது, வேகமும் சரியாக வருகிறது, டிரைவர் முடிந்தது என்று எழுந்துபோகிறோம். இரண்டு வாரம் கழித்து யாரோ ஒருவர் டிரைவர் மாட்யூலைக் கழற்றி மறுபடி மாட்டுவார். அல்லது யூஎஸ்பி ஈதர்நெட் குச்சியை டவுன்லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவுவார். நாம் சோதிக்காமல் விட்ட பாதி அன்றுதான் முதன்முதலாக ஓடும்.

இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸ் கர்னலின் நெட்வொர்க் டிரைவர்களைப் பற்றியது. பிழை எந்த வடிவில் வந்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருளை விடுவிக்கும் நேரத்தில் அதை இன்னும் யார் தொடக்கூடும்? டைமர், இன்டரப்ட் (சிப் சிபியுவைக் கூப்பிடும் மணி), நாப்பி (வந்த பாக்கெட்டுகளைக் கொத்தாக எடுக்கும் ஏற்பாடு), வொர்க்க்யூ (பிறகு செய்யத் தள்ளிவைத்த வேலைகளின் வரிசை), மேலே உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜ், கடைசியாக அந்த சிப் தானே. இத்தனை பேரும் கையை எடுத்தாயிற்றா என்று ஒவ்வொருவராகப் பார்த்தால் பாதிப் பிழை அப்போதே தெரிந்துவிடும்.

தேடுவதற்கு முன்

சாதாரண கர்னலில் இந்த வேட்டைக்குப் போகாதீர்கள். விடுவித்த மெமரியைத் தொட்டாலும் பல நேரம் ஒன்றும் ஆகாது, பழைய தகவல் அப்படியே இருக்கும், எல்லாம் சரி என்று ஏமாந்துபோவோம். கசான் (விடுவித்த மெமரியைத் தொட்டால் சொல்வது), கேமெம்லீக் (விடுவிக்காமல் விட்ட மெமரியைத் தேடுவது), லாக்டெப் (லாக்குகளின் சிக்கலைச் சொல்வது), டிஎம்ஏ ஏபிஐ டீபக் (கார்டு நேராக மெமரியைத் தொடும் டிஎம்ஏவின் கணக்கைப் பார்ப்பது), டைமர்களுக்கான டீபக் ஆப்ஜெக்ட்ஸ், நெட்டெவ் ரெஃப்கவுண்ட் டிராக்கர் (நெட் டிவைஸை யார் பிடித்திருக்கிறார்கள் என்று குறித்துவைப்பது) எல்லாவற்றையும் போட்டு ஒரு கர்னலைத் தனியாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத்தான் ஓடும், பரவாயில்லை.

அப்புறம் ஒரு லூப். சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் டிவைஸ்களையும் டிரைவர்களையும் கோப்புகளாகக் காட்டும் இடம்) ஒவ்வொரு டிரைவருக்கும் பைண்ட், அன்பைண்ட் என்று, டிவைஸோடு சேர்க்கவும் பிரிக்கவும், இரண்டு கோப்புகள் இருக்கும். டிராஃபிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அன்பைண்ட் செய்து, பைண்ட் செய்து, ஐம்பது தடவை சுற்ற விடுங்கள். இன்டர்ஃபேஸ் கீழே இருக்கும்போது ஒரு சுற்று, மேலே இருக்கும்போது ஒரு சுற்று. க்யூஎமு என்ற மெய்நிகர் மெஷின் பின்பற்றும் கார்டாக இருந்தால் முதலில் அதிலேயே செய்யலாம், மெஷின் தொங்கினால் அடுத்த அறைக்கு ஓடி பட்டனை அமுக்க வேண்டியதில்லை. கர்னல் கான்ஃபிகில் 'டீபக் டெஸ்ட் டிரைவர் ரிமூவ்' என்று ஒரு தேர்வும் உண்டு. அதைப் போட்டால் ஒவ்வொரு டிரைவரையும் புரோப் செய்து (டிவைஸோடு சேர்த்துத் தயார் செய்து), கழற்றி, மறுபடி புரோப் செய்யும். பூட் ஆகும்போதே பல குட்டு வெளியாகிவிடும்.

அறிகுறி: மாட்யூலைக் கழற்றும் கட்டளை திரும்பவே இல்லை

முதலில் கர்னல் லாகைப் பாருங்கள். அதில் பத்து விநாடிக்கு ஒருமுறை, 'எத்0 ஃப்ரீ ஆகக் காத்திருக்கிறேன், யூசேஜ் கவுண்ட் இத்தனை' என்ற பொருளில் ஒரு வரி வந்துகொண்டிருந்தால், யாரோ அந்த நெட் டிவைஸைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டாக்கர் கன்டெய்னர்களோடு பழகியவர்களுக்கு இந்த வரி நன்றாகத் தெரிந்திருக்கும். எண்ணை வாசிக்கும்போது ஒன்று கவனம். புதிய கர்னல்களில் 1 மிச்சமிருப்பது இயல்பு; 2 என்று வந்தால்தான் ஒருவர் கூடுதலாகப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

பிடித்திருப்பது உங்கள் டிரைவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேலே விலேன், பிரிட்ஜ், டனல் போன்ற மெய்நிகர் இன்டர்ஃபேஸ் ஏதாவது இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அப்படியும் தொங்கினால் டிரைவர் கோடுக்குள் டெவ்_ஹோல்ட் (கவுண்டை ஏற்றிப் பிடிப்பது) என்று தேடுங்கள். டெவ்_கெட்_பை_நேம், டெவ்_கெட்_பை_இண்டெக்ஸ் இரண்டையும் தேடுங்கள். இந்த இரண்டும் கேட்காமலேயே ஒரு கவுண்டை ஏற்றிவிட்டுத்தான் திரும்பும். ஃபங்ஷனின் கடைசியில் கவுண்டை இறக்கும் டெவ்_புட் ஒழுங்காக இருக்கும். நடுவில் ஏதோ ஒரு எர்ரருக்காகப் பின்னாளில் சேர்த்த ரிட்டர்ன் இருக்கிறது பாருங்கள், அங்கேதான் விட்டிருப்பார்கள்.

கண்ணால் தேடி அலுத்துவிட்டால் 5.17இல் வந்த ரெஃப்கவுண்ட் டிராக்கர் கைகொடுக்கும். நெட்டெவ்_ஹோல்ட், நெட்டெவ்_புட் ஜோடியை டிராக்கர் ஒன்றோடு பயன்படுத்தினால், விடாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு பிடிக்கும் அது எடுக்கப்பட்ட இடத்தின் ஸ்டாக்கை (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலை) லாகில் அச்சடித்துத் தரும். புதிய கோடில் பழைய டெவ்_ஹோல்டை நான் எழுதுவதே இல்லை.

லாகில் அந்த வரி வரவில்லை, கட்டளை மட்டும் தொங்குகிறது என்றால் கதை வேறு. 120 விநாடி கழித்து 'டாஸ்க் பிளாக்டு' என்று ஒரு ஸ்டாக் விழும், அதற்காகக் காத்திருங்கள். இரண்டு காட்சிகளில் ஒன்றைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள்.

முதல் காட்சியில் ஒரு பக்கம் கேன்சல்_வொர்க்_சிங்க் (வொர்க்கை ரத்து செய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருப்பது) நிற்கும், இன்னொரு பக்கம் வொர்க்கை ஓட்டும் ஒரு கேவொர்க்கர் ஆர்டிஎன்எல் லாக்குக்காக (நெட்வொர்க் அமைப்பை மாற்றும்போது பிடிக்கும் பொதுப் பூட்டு) நிற்கும். இன்டர்ஃபேஸைக் கீழே இறக்கும்போது ஓடும் டிரைவரின் ஸ்டாப் ஃபங்ஷனை கர்னல் கூப்பிடுவதே ஆர்டிஎன்எல் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான். உங்கள் ரீசெட் வொர்க்கும் அதே லாக்கைக் கேட்கிறது. வொர்க் முடியட்டும் என்று ஸ்டாப் காத்திருக்க, லாக் கிடைக்கட்டும் என்று வொர்க் காத்திருக்கும். இதற்கு, அந்த கேன்சலை ஸ்டாப்பிலிருந்து எடுத்து ரிமூவில் (டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ஃபங்ஷன்) அன்ரிஜிஸ்டர்_நெட்டெவுக்கு (நெட் டிவைஸைக் கர்னல் பதிவிலிருந்து எடுப்பது) அப்புறம் வையுங்கள். வொர்க்குக்குள் லாக் வாங்கிய கையோடு நெட்டிஃப்_ரன்னிங் (இன்டர்ஃபேஸ் ஓடுகிறதா) என்று கேட்டு, இல்லையென்றால் பேசாமல் திரும்பச் சொல்லுங்கள். லாக்டெப் போட்டிருந்தால், தொங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடும்.

இரண்டாவது காட்சியில் நாப்பி_டிஸேபிள் தூங்கிக்கொண்டிருக்கும். அதை ஒரே நாப்பிக்கு இரண்டு தடவை கூப்பிட்டால், இரண்டாவது தடவை வராத ஒன்றுக்காகக் காலம் முழுவதும் காத்திருக்கும். இன்டர்ஃபேஸைக் கீழே இறக்கியாயிற்று, அப்புறம் லேப்டாப்பை மூடினீர்கள், சஸ்பெண்ட் ஃபங்ஷன் 'ஓடுகிறதா' என்று கேட்காமல் மறுபடி நிறுத்தப் போனது. இதே தவறைப் பல டிரைவர்களில் பார்த்துவிட்டேன், என்னுடையதிலும் சேர்த்து. சஸ்பெண்டில் நெட்டிஃப்_ரன்னிங் சோதனை போட்டால் தீரும்.

அறிகுறி: கழற்றிச் சில விநாடி கழித்து வெடிக்கிறது

இதுதான் பெரிய தலைவலி. கட்டளை சமர்த்தாக முடிந்துவிடும். ஒன்றிரண்டு விநாடி, சில நேரம் அரை நிமிடம் கழித்து சம்பந்தமே இல்லாத இடத்தில் ஊப்ஸ் (கர்னல் தன் தவறைச் சொல்லும் அறிக்கை) விழும். ஸ்டாக்கின் உச்சியில் டைமர் ஃபங்ஷனோ, வேறு ஏதோ டிரைவரோ இருக்கும்.

கசான் கர்னலில் இதையே மறுபடி நடத்துங்கள். அறிக்கையில் மூன்று ஸ்டாக்குகள் வரும்: இப்போது யார் தொட்டார்கள், யார் ஒதுக்கினார்கள், யார் விடுவித்தார்கள். எல்லாரும் முதலாவதையே முறைத்துப் பார்ப்பார்கள். நான் மூன்றாவதிலிருந்து ஆரம்பிப்பேன். விடுவித்த இடம் ரிமூவுக்குள் இருக்கும் ஃப்ரீ_நெட்டெவ் என்றால், டிரைவரின் பிரைவேட் ஸ்ட்ரக்சரும் அதோடு சேர்ந்தே போய்விட்டது. இரண்டும் ஒரே ஒதுக்கீடு. அந்த ஸ்ட்ரக்சருக்குள் இருந்த டைமர், வொர்க், கிளாக் பாயின்டர் எல்லாம் அந்த வரிக்குப் பின் தொடக்கூடாதவை.

சொன்னால் சிரிப்பீர்கள், மிகச் சாதாரணமாக நடப்பது இதுதான்: ரிமூவில் ஃப்ரீ_நெட்டெவை முதலில் கூப்பிட்டுவிட்டு, அடுத்த வரியில் பிரைவேட் ஸ்ட்ரக்சரிலிருந்து கிளாக்கை எடுத்து நிறுத்துவது. வரியை மாற்றிப் போட்டால் போதும்.

தொட்டது டைமர் என்றால், டெல்_டைமர் மட்டும் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். அது வரிசையிலிருந்து எடுக்குமே ஒழிய, வேறு சிபியுவில் அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனுக்காகக் காத்திருக்காது. சிங்க் வகைதான் காத்திருக்கும். புதிய கர்னல்களில் பெயர் டைமர்_டிலீட்_சிங்க் என்று மாறிவிட்டது. அதுவும் போதாத ஒரு சந்தர்ப்பம் உண்டு. டைமர் வொர்க்கைக் கிளப்புகிறது, வொர்க் டைமரை மறுபடி ஏற்றுகிறது. எதை முதலில் நிறுத்தினாலும் மற்றது உயிர் கொடுத்துவிடும். இதற்காகவே 6.2இல் டைமர்_ஷட்டவுன்_சிங்க் வந்தது. அதைக் கூப்பிட்ட பின் யார் ஏற்றினாலும் டைமர் ஏறாது. அதைப் போட்டு, பிறகு வொர்க்கைக் கேன்சல் செய்யுங்கள்.

தொட்டது இன்டரப்ட் ஹேண்ட்லர் என்றால் டெவ்எம் வகை ஃபங்ஷன்களைச் சந்தேகப்படுங்கள். டெவ்எம் மூலம் எடுத்தவற்றை கர்னலே திருப்பிக் கொடுக்கும், உண்மைதான். எப்போது? உங்கள் ரிமூவ் முழுக்க முடிந்த பிறகு, எடுத்த வரிசைக்குத் தலைகீழாக. டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ போட்டு, நெட் டிவைஸை மட்டும் கையால் ஒதுக்கி, ரிமூவில் கையால் ஃப்ரீ செய்தால் என்ன ஆகும்? ஃப்ரீ ஆன பின்னும் இன்டரப்ட் உயிரோடு இருக்கும். லைன் பகிரப்பட்டதாக இருந்தால் பக்கத்துக் கார்டு கூப்பிட்டாலும் உங்கள் ஹேண்ட்லர் ஓடும், இல்லாத ஸ்ட்ரக்சரைத் தொடும். கலந்து எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் டெவ்எம் எல்லாம் புரோப்பின் தலையில், கைமுறை எல்லாம் அதற்குப் பின்னால். ஒரு தடவை கையால் எடுத்துவிட்டால் அதற்கு அப்புறம் டெவ்எம் வேண்டாம். கேபிள் பக்கத்துச் சிப்பான ஃபையோடு பேசும் எம்டிஐஓ பஸ்ஸிலும் இதே தொல்லை வரும்: ஒதுக்கியது டெவ்எம்மில், ரிஜிஸ்டர் செய்தது கைமுறையில், அன்ரிஜிஸ்டர் செய்ய மறந்தாயிற்று என்றால் எம்டிஐஓபஸ்_ஃப்ரீ கோபித்துக்கொள்ளும்.

ரிமூவின் வரிசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புரோப்பில் ரிஜிஸ்டர்_நெட்டெவ் கடைசி வேலையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது திரும்புவதற்கு முன்பே யாராவது இன்டர்ஃபேஸை ஓப்பன் செய்துவிடலாம். ரிமூவில் அன்ரிஜிஸ்டர்_நெட்டெவ் முதல் வேலை. இன்டர்ஃபேஸ் மேலே இருந்தால் அதுவே ஸ்டாப்பைக் கூப்பிட்டுக்கொள்ளும், நீங்கள் தனியாகக் கூப்பிட வேண்டாம். அதன் பின் வொர்க், டைமர், பிறகு ஃபை, எம்டிஐஓ, கிளாக், எல்லாம் முடிந்த பின் ஃப்ரீ_நெட்டெவ். நெட்டிஃப்_நாப்பி_டெல் மறந்துபோனால் ஃப்ரீ_நெட்டெவே பார்த்துக்கொள்ளும். நாப்பி_டிஸேபிளை மட்டும் அது உங்களுக்காகச் செய்யாது.

அறிகுறி: கசானும் ஒன்றும் சொல்லவில்லை, மெமரி மட்டும் கெடுகிறது

ஃபைல் சிஸ்டத்தில் பிழை, யூசர் புரோகிராம் காரணமில்லாமல் சாவது, கெட்ட பக்கத்தை ஹெக்ஸில் பார்த்தால் ஈதர்நெட் பாக்கெட்டின் தலைப்பு போலவே ஒன்று. அந்தக் கடைசித் தடயம் கிடைத்தால் மேலே தேட வேண்டாம். சிப் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. ரிசீவ் ரிங்கின் (வரும் பாக்கெட்டுகளுக்கான பஃபர் வரிசை) மெமரியைக் கர்னலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், சிப்பிடம் மட்டும் சொல்லவில்லை. கசான் கம்பைலர் மூலம் சிபியுவின் கோடைத்தான் கண்காணிக்கிறது, கார்டு எழுதுவது அதன் கண்ணில் படாது.

ஐஓஎம்எம்யு (கார்டு எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்துவது) உள்ள மெஷினில் அதை ஸ்ட்ரிக்ட் முறையில் போட்டு பூட் செய்யுங்கள். அன்மேப் செய்த (கார்டிடமிருந்து திரும்பப் பெற்ற) முகவரிக்கு எழுதினால் அந்தக் கணமே ஃபால்ட் என்று லாகில் விழும், எந்தக் கார்டு என்ற எண்ணோடு. திருத்தம்: ஸ்டாப்பில் முதலில் சிப்பின் ரிசீவ், டிரான்ஸ்மிட் இரண்டையும் ரிஜிஸ்டர் வழியாக நிறுத்தி, நின்றுவிட்டது என்று ஸ்டேட்டஸ் பிட் சொல்லும்வரை பார்த்திருந்து, அப்புறமே அன்மேப், அப்புறமே ஃப்ரீ. நிறுத்து என்று எழுதியதே நின்றதாக ஆகாது. ஷட்டவுன் கால்பேக்கிலும் இதே வேலை வேண்டும், இல்லையென்றால் கேஎக்ஸெக் மூலம் புதிய கர்னலுக்குத் தாவும்போது பழைய கார்டு அதன் மெமரியில் பாக்கெட் எழுதும்.

அறிகுறி: மெமரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது

கர்னல் மெமரியைக் காட்டும் ஸ்லாப்டாப்பைத் திறந்து எஸ்கேபி (ஒரு பாக்கெட்டைத் தாங்கும் கர்னல் பொருள்) கேஷ் ஏறிக்கொண்டே போகிறதா பாருங்கள். ஏறினால் டிரான்ஸ்மிட் ஃபங்ஷனுக்குப் போங்கள். அங்கே ஒப்பந்தம் தெளிவானது. ஓகே என்று திரும்பினால் அந்த எஸ்கேபி உங்களுடையது, அனுப்பினாலும் எறிந்தாலும் விடுவிக்க வேண்டியது நீங்கள். பிஸி என்று திரும்பினால் அது இன்னும் கர்னலுடையது, தொடவே கூடாது. மேப்பிங் தோற்றபோது ஃப்ரீ செய்யாமல் ஓகே என்று திரும்பினால் லீக். ஃப்ரீ செய்துவிட்டு பிஸி என்று திரும்பினால் அதே எஸ்கேபி மறுபடி உங்களிடமே வரும், பிணமாக.

எஸ்கேபி சரியாக இருந்தும் குறைகிறது என்றால் டிஎம்ஏ மேப்பிங். பல துண்டுகள் உள்ள பாக்கெட்டில் நாலாவது துண்டு மேப் ஆகாமல் போனால், முதல் மூன்றையும் அன்மேப் செய்தீர்களா? முதல் துண்டு சிங்கிள் வகையில், மற்றவை பேஜ் வகையில் மேப் ஆகியிருக்கும். அவிழ்க்கும்போதும் அதே வகை, அதே அளவு. டிஎம்ஏ டீபக் போட்டிருந்தால் அளவு மாறியதையும் சொல்லும், டிரைவர் விலகும்போது எத்தனை பாக்கி என்றும் எண்ணிச் சொல்லும். எஸ்டபிள்யூஐஓடிஎல்பி (இடையில் ஒரு பஃபரில் நகலெடுத்துக் கொடுப்பது) வழியாகப் போகும் மெஷினில் இதே லீக் 'பஃபர் நிரம்பிவிட்டது' என்ற செய்தியாக வரும். அதைப் பார்த்துவிட்டு பூட் வரியில் அளவை ஏற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும்.

பேஜ் பூல் (பாக்கெட்டுக்கான பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு) பயன்படுத்தும் டிரைவரில், கழற்றிய பின் 'ஸ்டால்டு பூல் ஷட்டவுன்' என்று நிமிடத்துக்கு ஒருமுறை வரும். சில பக்கங்கள் இன்னும் திரும்பவில்லை என்று பொருள். உடனே டிரைவரைத் திட்டாதீர்கள். யாரோ ஒரு புரோகிராம் சாக்கெட்டில் வந்ததை வாசிக்காமல் வைத்திருந்தாலும் இதே செய்திதான். டிராஃபிக்கை முழுக்க நிறுத்திய பின்னும் எண்ணிக்கை இறங்காவிட்டால் ரிசீவ் பாதையின் எர்ரர் கிளைகளைப் பாருங்கள்.

அறிகுறி: கீழே இறக்கி மேலே ஏற்றினால் டிராஃபிக் போகவில்லை

லிங்க் இருக்கும், ரிசீவ் வரும், அனுப்புவது மட்டும் நிற்கும். சில விநாடியில் நெட்டெவ் வாட்ச்டாக் 'டிரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட்' என்று குரைக்கும். டிரைவரில் பிக்யூஎல் (க்யூவில் நிற்கும் பைட்டுகளை எண்ணி வரம்பிடுவது) இருந்தால் ஸ்டாப்பில் ரிங்கைக் காலி செய்தபோது நெட்டெவ்_டிஎக்ஸ்_ரீசெட்_க்யூ கூப்பிட்டீர்களா என்று பாருங்கள். அனுப்பியதாகக் கணக்கில் ஏறிய பைட்டுகள் முடிந்ததாக இறங்கவே இல்லை, ஆகவே க்யூ நிரம்பியதாகவே நினைத்துக்கொள்கிறது. கணக்கு எதிர்ப்பக்கம் தப்பினால், அதாவது ரீசெட் செய்த பிறகும் பழைய பாக்கெட்டை முடிந்ததாகச் சொன்னால், டைனமிக் க்யூ லிமிட்ஸ் கோடில் கர்னல் பக் விழும்.

ஓப்பனிலேயே பக் விழுகிறது, ஸ்டாக்கில் நாப்பி_எனேபிள் இருக்கிறது என்றால், முந்தைய ஓப்பன் பாதியில் தோற்றிருக்கிறது. ஓப்பன் தோற்றால் கர்னல் ஸ்டாப்பைக் கூப்பிடாது. அதுவரை செய்ததை ஓப்பனே அவிழ்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

அறிகுறி: இரண்டாவது தடவை லோடு ஆகவில்லை

எர்ரர் எண்ணே பாதி சொல்லிவிடும். 16 என்றால் முகவரிப் பகுதியையோ இன்டரப்டையோ யாரோ வைத்திருக்கிறார்கள். ப்ராக்கில் (கர்னல் நிலையைக் காட்டும் டைரக்டரி) ஐஓமெம், இன்டரப்ட்ஸ் கோப்புகளில் உங்கள் டிரைவரின் பெயர் இன்னும் இருக்கிறதா பாருங்கள். 17 என்றால் ஒரு பெயர் ஏற்கனவே பதிவாகியிருக்கிறது. 'அன்பேலன்ஸ்டு பிஎம் ரன்டைம் எனேபிள்' என்று வந்தால் ரிமூவில் அதன் ஜோடி இல்லை. (பிஎம் ரன்டைம் என்பது ஓடும்போதே மின்சாரம் சேமிக்கும் ஏற்பாடு.) பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் தோற்றாலும் கவுண்டை ஏற்றிவிட்டுத்தான் தோற்கும், அதில் விழாதவர் குறைவு. பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் தோற்றால் தானே இறக்கிக்கொள்ளும், அதற்கு மாறிவிடுங்கள்.

இன்டரப்டை விடுவிக்கும் முன்பே எம்எஸ்ஐ-எக்ஸ் வெக்டர்களை (கார்டுக்கு ஒதுக்கிய இன்டரப்ட் எண்களை)த் திருப்பிக் கொடுத்தால், ப்ராக்கில் காலியாகாத டைரக்டரியை நீக்குவதாக ஒரு எச்சரிக்கை வரும். வரிசையை மாற்றுங்கள், முடிந்தது.

அறிகுறி: எதுவும் வெடிக்கவில்லை, ஆனால் போர்டு சூடாகவே இருக்கிறது

இதை ஒரு எம்பெடட் போர்டில் பட்டே கற்றேன். இன்டர்ஃபேஸை இறக்கினாலும் கரண்ட் குறையவில்லை. டீபக்எஃப்எஸ்ஸில் (கர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்புகள்) கிளாக் சுருக்கத்தைத் திறந்தால் ஈதர்நெட் கிளாக்கின் எனேபிள் கவுண்ட் 7. ஒரே ஒரு டிரைவர்தான் அதைத் தொடுகிறது, எப்படி ஏழு? புரோப் ஆறு தடவை 517 என்ற எண்ணோடு திரும்பியிருந்தது. அதாவது ஃபை இன்னும் தயாரில்லை, பிறகு கூப்பிடு என்ற டிஃபர். ஒவ்வொரு முறையும் கிளாக்கை ஏற்றிவிட்டு, இறக்காமலே திரும்பியிருக்கிறது. ஏழாவது தடவை வெற்றி. டிஃபரும் ஒரு தோல்விதான் என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை. எர்ரரைப் பார்த்ததும் நேராக ரிட்டர்ன், கீழே அழகாக எழுதியிருந்த கோட்டூ லேபிள்களை எட்டிப் பார்க்கவே இல்லை. டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்ற விவரப் பட்டியல்) நோடுகளும் இப்படித்தான்: ஆஃப்_பார்ஸ்_பிஹேண்டில் கவுண்டை ஏற்றும், ஆஃப்_நோட்_புட் வேண்டும். நோடுகளைச் சுற்றும் லூப்பிலிருந்து நடுவில் வெளியேறினாலும் வேண்டும்.

இந்த ரகத்தை ஓட்டிப் பார்த்துப் பிடிப்பதைவிட ஸ்மாட்ச் (கோடை ஓட்டாமலே ஆராயும் கருவி) வைத்துப் பிடிப்பது சுலபம். எந்த வரியில் கோட்டூ போட மறந்தோம், எந்த வரியில் கிளாக் விடுபடவில்லை என்று எண்ணோடு சொல்லும். ஓட்டித்தான் பார்க்க வேண்டுமென்றால் ஃபால்ட் இன்ஜெக்ஷனில் ஃபெயில்-என்த் இருக்கிறது. முதல் ஒதுக்கீட்டைத் தோற்கடி, அடுத்த ஓட்டத்தில் இரண்டாவதை, அதற்கடுத்து மூன்றாவதை என்று புரோப்பின் ஒவ்வொரு எர்ரர் கிளையிலும் நடக்க வைக்கலாம். கர்னலைத் தானாகச் சோதிக்கும் சிஸ்பாட் யூஎஸ்பி நெட்வொர்க் டிரைவர்களில் பிடித்துத் தள்ளும் பிழைகளில் நிறைய இந்தப் பாதி வழியில் தோற்ற புரோப்தான்.

பேட்ச் அனுப்பும்போது

எல்லாவற்றையும் டெவ்எம்முக்கு மாற்றிவிட்டால் தொல்லை விட்டது என்று தோன்றும். 6.5இல் வந்த ஸ்கோப் முடிந்ததும் தானே விடுவிக்கும் மேக்ரோக்களைப் பார்த்தால் கை இன்னும் துறுதுறுக்கும். நெட்டெவ் (கர்னலின் நெட்வொர்க் பகுதி) பராமரிப்பாளர்கள் தங்கள் வழிகாட்டியிலேயே இவற்றின் வாக்குறுதிகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம், டெவ்எம்மையும் சேர்த்து, என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கும் அதே கட்சிதான். ஒரு பிழைத் திருத்தத்தில் விடுபட்ட ஒரு வரியைச் சேருங்கள், அல்லது இரண்டு வரிகளை இடம் மாற்றுங்கள். மொத்தத்தையும் மாற்றி எழுதினால் பழைய ஸ்டேபிள் கர்னல்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது.

தலைப்பில் (திருத்தங்களுக்கான) நெட் மரம் என்று குறிப்பிடுங்கள், (புதிய வசதிகளுக்கான) நெட்-நெக்ஸ்ட் அல்ல. பிழையைக் கொண்டுவந்த கமிட்டை கிட் பிளேமில் தேடி, அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளோடு ஃபிக்ஸஸ் வரி போடுங்கள். பல நேரம் அது டிரைவரே முதன்முதலில் சேர்ந்த கமிட்டாக இருக்கும், கூச்சப்படாமல் அதையே எழுதுங்கள். கசான் அறிக்கை இருந்தால் மூன்று ஸ்டாக்கையும் தேவையான அளவுக்கு வெட்டிச் சேருங்கள். கருவி சொன்னதை மட்டும் வைத்து, கார்டு கையில் இல்லாமல் செய்த திருத்தம் என்றால் கம்பைல் மட்டுமே சோதித்தேன் என்று மறைக்காமல் எழுதிவிடுங்கள். கார்டு வைத்திருக்கும் யாராவது ஓட்டிப் பார்த்துச் சொல்வார்கள்.